அக்காவின் விரல்

அத்தியாயம் பதினான்கு

பெரியவள் அந்தச் செவ்வாய்க்கிழமையும் கடையில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். போன வாரம் பல்வலி. அதற்கு முந்தின வாரம் தலைவலி. இந்த வாரம் வயிற்றுவலி. மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அடுத்த வாரம் முழங்காலாம்மா?" என்று கேட்டார்.

வயிற்றுவலி என்றது முழுப் பொய்யும் இல்லை. ஏழு வாரமாக அவளுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கதையோடு வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு அந்த எரிச்சல் எங்கே ஆரம்பித்தது என்று தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், ஒரு மழைநாளில், ஒரு பேருந்து கால்வாயில் பாய்ந்தது. அதில் ஓர் அம்மாவும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அம்மா திரும்பவில்லை. பதின்மூன்று வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவளின் பின்னலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். இது பெரியவள் சொல்லும் கதை. வேறு கதை யாரிடமும் இல்லை. சின்னவளுக்குப் பேருந்தில் ஏறியது நினைவிருக்கிறது, ஆஸ்பத்திரிப் போர்வை நினைவிருக்கிறது. நடுவில் வெறும் வெள்ளைத் தாள்.

ஆனால் மனசு மறந்ததை உடம்பு மறக்கவில்லை. பேருந்து ஹார்ன் கேட்டால் அவளுக்கு இடது விலா இறுகும். மழை பெய்தால் மூச்சு முட்டும். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வேலைக்கு நாற்பது நிமிடம் நடந்துதான் போவாள். பெரியவளும் கூடவே நடந்து போய் அவளை விட்டுவிட்டுத்தான் தன் கடைக்குப் போவாள். பெரியவளுக்குக் கல்யாணமாகிக் கணவர் வந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், அச்சகத்துத் தோழி ஒருத்தி சொன்னாள் என்று சின்னவள் ஒரு மனநல ஆலோசகரிடம் போக ஆரம்பித்தாள். அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து இரண்டு விரலை இடமும் வலமுமாக ஆட்டுவாராம். இவள் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்னாலேயே போக வேண்டுமாம். உள்ளே சிக்கிக்கொண்டு கிடக்கிற பழைய அடி, கண் அப்படி ஓட ஓட, கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிடுமாம்.

பெரியவள் அவருக்கு வைத்த பெயர் விரல்காரி.

"ஒரு நாளைக்கு இருபது பேருக்கு, கண் சோதிக்கறப்ப, நானும்தான் விரலை ஆட்டுறேன். 'தலையை ஆட்டாதீங்க, என் விரலை மட்டும் பாருங்க'ன்னு. ஒருத்தராவது எங்கிட்ட மனசு விட்டு அழுதிருக்காங்களா?" என்று அவள் கணவரிடம் நியாயம் கேட்டாள்.

"கண்ணாடி போட்டுப் பாத்ததும் அழுதிருப்பாங்க. வீட்டுல யார் யாரெல்லாம் இருக்காங்கன்னு அப்பதானே தெளிவாத் தெரியும்" என்றார் அவர். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற மெக்கானிக். பேச்சும் சில நேரம் ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து எடுத்தது போலத்தான் இருக்கும்.

இன்று காலையில்தான் பெரிய அடியாக விழுந்தது. சின்னவள் தலை வாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, இன்னைக்கு நீ வர வேண்டாம். நானே போய்ட்டு வந்துடறேன்."

"ஏன்? நான் வந்தா அந்தம்மாவுக்கு விரல் வலிக்குதாமா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலக்கா. எனக்கே தோணுச்சு."

எனக்கே தோணுச்சு! இருபத்தைந்து வருடத்தில் இவளுக்கு எப்போது எது தானாகத் தோன்றியிருக்கிறது? பசிக்கும் முன்னால் சோறு போட்டது யார்? குளிரும் முன்னால் போர்வை போர்த்தியது யார்?

வர வேண்டாம் என்றால் வராமல் இருந்துவிட அவள் என்ன விருந்தாளியா?

*

ஆலோசகரின் அறைக்கு வெளியே இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் கேன், ஒரு செடி. கதவோரத் தரையில் ஒரு சின்ன இயந்திரம் ஓயாமல் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்க அந்த ஏற்பாடு. பெரியவளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்குத் தெரியாத எந்த ரகசியம் சின்னவளிடம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஒரு மெஷின் வேறு வேண்டுமா?

அழுகைச் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அழுதால் தாங்கியிருப்பாள். அழுகிற தங்கையைத் தேற்றுவது அவளுக்குக் கை வந்த வேலை.

அந்த இரைச்சலையும் மீறி வந்தது சிரிப்பு.

வாய்விட்ட சிரிப்பு. வீட்டில் இப்படி இவள் சிரித்து எத்தனை நாள் ஆகிறது? பெரியவள் யோசித்துப் பார்த்தாள். நாள் கணக்கில் வரவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சின்னவள் முகம் கழுவ உள்பக்கமாகவே போயிருக்க வேண்டும்; ஆலோசகர் மட்டும் தண்ணீர் பிடிக்க வந்தார். நரைத்த தலை, தட்டையான செருப்பு, சாதாரணமான விரல்கள். அதில் ஒன்றில் மைக்கறை. பெரியவள் அந்த விரல்களைத்தான் முதலில் பார்த்தாள்.

"நான் அவளோட அக்கா."

"தெரியும். உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க."

அது கொஞ்சம் குளிர்ந்தது. அந்தத் தைரியத்தில் ஏழு வாரமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். "என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பாடு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவேனே. ஜன்னலை உடைச்சேன். பின்னலைப் பிடிச்சேன். கரையில கொண்டுவந்து போட்டேன். அந்த டிரைவர் எங்களை அப்படியே விட்டுட்டு குதிச்சு ஓடிட்டான். அதையும் நான்தான் பாத்தேன். பதிமூணு வயசுல என்னைக் கோர்ட்டுல ஸ்டூல் போட்டு நிறுத்திக் கேட்டாங்க. சொன்னேன். உள்ள போனான்."

ஆலோசகர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார். "கண்டுபிடிக்கிறது என் வேலை இல்லம்மா. அந்த நினைவு வரலாம், வராமலே போகலாம். வர்றது அப்படியே நடந்ததாத்தான் இருக்கணும்னும் இல்ல. அவங்க உடம்புல இன்னும் நிக்காம ஓடிக்கிட்டிருக்கிற பயம் இறங்கினாப் போதும். அதுக்கு நினைவு முழுசா வேணும்னு அவசியமில்ல."

"அப்ப நான் சொல்றது எதுக்கும் உதவாதா?"

"நீங்க சொல்றது உங்களுக்கு நடந்தது." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட யாராவது கேட்டிருக்காங்களா? கோர்ட்டைச் சொல்லல. சும்மா, உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு?"

"எனக்கு என்ன? எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் பெரியவள் பட்டென்று.

சின்னவள் வந்துவிட்டாள். அக்காவைப் பார்த்ததும் அவள் கோபப்படவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டாள். கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

*

தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் சின்னவள் நின்றாள்.

"என்னடி, செருப்புல கல்லா?"

"இல்லக்கா. பஸ் வருது."

"வரட்டும். நமக்கென்ன?"

"ஏறப் போறேன். ரெண்டு ஸ்டாப்புதான். டாக்டரம்மா ஏறச் சொல்லல, நானா ஏறப் போறேன். நீயும் வாயேன்."

பேருந்து வந்து நின்றது. கதவு புஸ்ஸென்று மடிந்தது. சின்னவள் இடது கையால் தன் விலாவை ஒருமுறை அழுத்திக்கொண்டாள், படியில் கால் வைத்தாள், ஏறினாள். ஏறித் திரும்பிக் கையை நீட்டினாள். "வாக்கா!"

பெரியவளின் கால் நடைபாதையோடு ஒட்டிக்கொண்டது.

அவளும் இருபத்தைந்து வருடமாகப் பேருந்தில் ஏறியதில்லை. தங்கை நடக்கும்போது தான் மட்டும் சொகுசாகப் போவதா என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். தானும் அப்படியே நம்பியிருக்கிறாள். இன்று தங்கையே மேலே நின்று கூப்பிடுகிறாள். காலோ வரமாட்டேன் என்கிறது.

"செருப்பு வார் அறுந்துபோச்சு. நீ போ" என்றாள்.

வார் நன்றாகத்தான் இருந்தது.

பேருந்து போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த சின்னவளின் தலை ஒரு நிமிடம் தெரிந்தது. பெரியவளுக்கு அந்தப் பேருந்தின் மேலேயே பொறாமை வந்தது. அந்த நாற்பது நிமிட நடை அவளுடையது. அச்சகத்து முதலாளியின் கஞ்சத்தனம், பக்கத்து வீட்டு நாயின் அட்டகாசம், எது புதிதாக நடந்தாலும் அந்த நடையில்தான் முதலில் அவள் காதுக்கு வரும். அந்த நடையையும் விரல்காரி பிடுங்கிக்கொண்டாள்.

தனியாக நடந்து வீட்டுக்கு வந்தவள், நேராக அலமாரியைத் திறந்து, கம்பளிக்கு அடியில் கையை விட்டாள். பழைய கைக்குட்டையில் சுற்றிய ஒரு கைக்கடிகாரம். ஆண்கள் கட்டுவது. கண்ணாடி உடையாமலிருக்க மேலே கட்டம் கட்டமாகக் கம்பி மூடி. மணிக்கட்டில் உலோகம் படாதபடி அடியில் முழுதாக ஓடும் தடித்த தோல் பட்டை. நாலே காலில் நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அது அவள் கைக்குள் இருந்தது. விரல்களைப் பிரித்து எடுக்க நர்ஸ் பட்ட பாட்டைப் பிற்பாடு சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவின் கடிகாரம் என்று பெரியவள் முடிவு செய்துகொண்டாள். அப்பா இறந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அம்மா அதைக் கைப்பையில் வைத்திருந்திருப்பாள், வேறெப்படி வரும்?

அதை அவள் சின்னவளுக்குக் காட்டியதே இல்லை. அப்பா இறந்தபோது சின்னவள் தவழ்கிற குழந்தை. அப்பாவின் குரல், அப்பாவின் தும்மல், அப்பா மாடிப்படி ஏறுகிற சத்தம் எல்லாம் பெரியவளிடம் மட்டும்தான் இருந்தன. மிட்டாயிலிருந்து மெத்தை வரைக்கும் தங்கையோடு பங்கு போட்டவள், இந்த ஒன்றை மட்டும் பங்கு போடவில்லை. சின்னத்தனம்தான். அவளுக்கே தெரியும்.

*

கணவர் வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது சின்னவள் உள்ளே நுழைந்தாள். முகமெல்லாம் காற்று.

"அத்தான், ரெண்டு ஸ்டாப்புன்னு ஏறினேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வந்தேன்!"

"அடி சக்கை! கண்டக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"எங்கம்மா இறங்கணும்னு கேட்டார். தெரியலைன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியவள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "காலையில சாப்பிட்ட தட்டு அப்படியே கிடக்கு. ஊரைச் சுத்தினவங்களுக்கு அதைக் கழுவ முடியுமா?"

சிரிப்பு நின்றது. சின்னவள் வந்து தட்டைக் கழுவினாள். கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இன்னைக்கு ஒரு சட்டைக் கை வந்துச்சு."

"எங்க?"

"உள்ள. விரலைப் பாத்துக்கிட்டு இருக்கறப்ப. ஈரமான, முரட்டுத் துணி." அவள் நிறுத்திக்கொண்டாள். "டாக்டரம்மா சொன்னாங்க, வர்றதை உடனே கதையாக்க வேண்டாம்னு. நோட்டுல எழுதி வச்சுட்டு அடுத்த வாரம் வரச் சொன்னாங்க."

"எங்கிட்டயும் சொல்லக் கூடாதாமா?"

"உங்கிட்டன்னு இல்லக்கா..."

"அவ யாருடி? ஏழு வாரமா தெரியுமா உனக்கு? நான் இருபத்தஞ்சு வருஷமா இருக்கேன். அவ விரல்ல என்ன, தங்கமா பூசியிருக்கு?" பெரியவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காரு. நான் ஆட்டுறேன்."

"வேண்டாங்க்கா. வீட்டுல செய்யக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஆமா, எல்லாரும் வீட்டுலயே செஞ்சுக்கிட்டா அவ கடையை மூட வேண்டியதுதான். உட்காருன்னா உட்காரு."

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பயத்தைவிட அந்த முகம் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்தாள்.

பெரியவள் எதிர் நாற்காலியில் அமர்ந்து விரலைத் தூக்கினாள். கடையில் வருகிறவர்களுக்குச் செய்கிற அதே பழக்கம், அதே வேகம். இடம், வலம். இடம், வலம். "தலையை ஆட்டாதே. விரலை மட்டும் பாரு. அந்தச் சட்டைக் கையை நினை."

சின்னவளின் கருவிழிகள் ஓடின. நல்ல கண், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பெரியவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி பரவியது. இவ்வளவுதானே? இதற்குப் போயா ஏழு வாரம்?

"என்ன வருது?"

"கை... கையிடுக்குல என்னைத் தூக்கி வச்சிருக்காங்க. இடது விலாவுல அழுத்துது."

"அது நான்தான். இன்னும் பாரு."

இடம், வலம். சின்னவளின் உதடு வெளுத்தது. மூச்சு மேலே மேலே ஏறியது. வலது கை மடியிலிருந்து எழுந்து, உள்ளங்கை தெரிய, காற்றில் நின்றது.

தன்னைத் தேடுகிறாள் என்று நினைத்தாள் பெரியவள். "இதோ அக்கா இருக்கேன். விரலைப் பாரு, விடாதே!" என்று இன்னும் வேகமாக ஆட்டினாள்.

கை இன்னும் உயர்ந்தது. விரல் நிற்கவில்லை.

கணவர் ஓடிவந்து பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தார். "அவ கையைத் தூக்கினா நிறுத்தணும்டி! அதுதான் அங்க அடையாளம். அன்னைக்குச் சாப்பிடறப்ப சொன்னாளே, நீ எங்க காதுல வாங்கின? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்த."

சின்னவள் மூச்சுக்குத் திணறினாள். ஆட்டத் தெரிந்த பெரியவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. சின்னவள் தானே இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றினாள். கைகளைக் குறுக்கே போட்டுத் தன் தோள்களை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டாள். அதையும் அங்கேதான் கற்றிருக்கிறாள். மெல்ல மூச்சு வழிக்கு வந்தது.

"அக்கா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "அது நீ இல்ல."

அடுக்களைக் குழாய் சொட்டியது. கணவர் போய் அதை இறுக்கினார்.

"பெரிய கை. என் கன்னத்துல ஏதோ கட்டம் கட்டமா குத்துச்சு. காதுக்குள்ள டிக் டிக்னு சத்தம். யாரோ எண்ணிக்கிட்டே நடக்கறாங்க, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு. என் முட்டியில ஒரு ஷூ இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பக்கிள் வச்ச ஷூ." இப்போது கண்ணைத் திறந்தாள். "உன் ஷூக்கா. அவர் ஒரு பக்கம் என்னை வச்சிருந்தார். இன்னொரு பக்கம் நீ இருந்த."

"பொய்!"

"எனக்கு வந்தது இதுதான்."

"அவ சொல்லிக் கொடுத்தாளா, அந்த விரல்காரி? நான் உன்னை எப்படி இழுத்தேன்னு எனக்குத் தெரியாதா? நான் ஜன்னலை உடைச்சேன். உன் பின்னலைப் பிடிச்சேன். கரையில வந்து விழுந்தோம். ஒரு அம்மா போர்வை கொண்டுவந்தா, பச்சைப் போர்வை, ஓரத்துல எரிஞ்ச ஓட்டை!"

அந்தக் கதையைக் கணவர் பெண் பார்க்க வந்த அன்றே கேட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை, 'உனக்குத்தான் நீச்சல் தெரியாதே' என்று குறுக்கே கேட்டு, இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்திருக்கிறார்.

சின்னவள்தான் கேட்டாள். அச்சகத்து மேஜையில் கேட்கிற அதே குரல். குற்றம் சொல்லாத, பென்சிலை ஒரு இடத்தில் வைத்துக் காட்டுகிற குரல். "அக்கா, ஜன்னலுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு வரி விட்டுப்போயிருக்கு."

"என்ன வரி?"

"தண்ணியில என்ன நடந்துச்சு? நீ சொல்றப்ப எல்லாம் ஜன்னல் வருது, பின்னல் வருது, உடனே கரை வந்துடுது. தண்ணி ஆழமா? குளிர்ந்துச்சா? எந்தக் கையால இழுத்த?"

பெரியவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை சமையல்கட்டில் சொன்ன கதை! ஜன்னல். சில்லு. பின்னல். அதற்கப்புறம்...

போர்வை.

மறுபடி ஜன்னலிலிருந்து வந்து பார்த்தாள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீர்கூட இல்லை.

"அப்ப நான் உனக்கு என்னதான் செஞ்சேன்?" அவள் குரல் கிழிந்தது. "வேற என்ன இருக்கு எங்கிட்ட? படிச்சேனா, பெத்தேனா? உன்னைத் தூக்கினவன்னு ஒரு பேருதானே! அதையும் ஒரு சட்டைக் கைக்குக் கொடுத்துட்டியே!"

சின்னவளின் முகத்திலிருந்த காற்றெல்லாம் வடிந்தது. தோள் சுருங்கியது. இடது கை போய் விலாவைப் பிடித்துக்கொண்டது.

"சரிக்கா" என்றாள். "வர்றதெல்லாம் நடந்ததுன்னு இல்லேன்னு டாக்டரம்மாவும்தான் சொன்னாங்க. எனக்குக் கற்பனையா இருக்கும். நீதான் தூக்கின. விடு. நாளைக்கு நடந்தே போகலாம்."

பெரியவள் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். ஏழு வாரமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வயிறு எரிந்தாள். கையில் வந்துவிட்டது. பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்; நாற்பது நிமிட நடையும் திரும்பி வரும்.

ஆனால் கட்டம் கட்டமா என்றாளே.

இந்த வீட்டில் அந்தக் கம்பி மூடியைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். கைக்குட்டைக்குள், கம்பளிக்கு அடியில், சின்னவள் கண்ணில் ஒரு நாளும் படாமல் அது கிடந்திருக்கிறது. காணாத பொருளை எந்தக் கற்பனை கன்னத்தில் வைத்துக் காட்டும்?

சொல்லாமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் தங்கையின் கையைப் பார்த்தாள். விலாவை அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கை, இன்று மத்தியானம் பேருந்துப் படியிலிருந்து தனக்காக நீண்ட கை.

எழுந்து போனாள். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. திரும்பி வந்து கைக்குட்டையை மேஜையில் வைத்துப் பிரித்தாள்.

"இதுவா பாரு."

சின்னவள் கடிகாரத்தை எடுத்தாள்; கண்ணை மூடினாள்; கம்பி மூடியைக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்து கம்பிக் கட்டங்களில் தங்கியது. விலாவைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

"இதுதான்" என்றாள். "அக்கா, என் பின்னலை யாரோ இழுத்துக்கிட்டே இருந்தாங்க. அவர் நெஞ்சுக்கு அந்தப் பக்கத்துல இருந்து. வலிச்சுது. கரையில போட்ட அப்புறமும் விடல. அது நீதான்."

பெரியவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்தது பொறாமைதான், இதுவரை வராத அளவுக்கு. அந்த டிக் டிக் இவள் காதில் கேட்டிருக்கிறது. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிய குரல் இவளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதே நெஞ்சின் மறுபக்கம் கிடந்த எனக்கு ஏன் ஒன்றுமே வரவில்லை?

"கொடு" என்று பிடுங்காத குறையாக வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்த கம்பி. கண்ணை மூடினாள். மறுபடி ஜன்னல், மறுபடி போர்வை.

"எனக்கு வரல" என்றாள் குழந்தை போல. "எனக்கு மட்டும் வரல."

"இது உங்கப்பாவோடதுன்னுதானே சொல்லிக்கிட்டிருந்த?" என்றார் கணவர். அவருக்கு மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தாள். "ஆல்பத்துல ஒரு போட்டோவுலயும் அவர் கையில வாட்சே இல்லையே."

பதிலுக்குக் காத்திராமல் கருவிப் பையிலிருந்து மெல்லிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பழுதைக் கண்டால் கை சும்மா இருக்காது. தோல் பட்டை விறைத்துக் கிடந்தது. பட்டையைப் பிடித்திருந்த இரண்டு ஊசியையும் நெம்பியதும் கழன்று விழுந்தது. இருபத்தைந்து வருடம் யாரும் பார்க்காத பின்பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. பச்சைக் களிம்புக்கு அடியில் பொடிப் பொடியாக எழுத்து.

பெரியவளின் கைப்பையில் கடைப் பூதக்கண்ணாடி இருந்தது. சின்னவளே எடுத்துக்கொண்டாள். களிம்பை நகத்தால் சுரண்டி, மேஜை விளக்கை இழுத்து, எழுத்தெழுத்தாக, அச்சகத்தில் வாசிப்பது போலவே ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்.

"பத்து ஆண்டுகள்... விபத்தின்றி... பேருந்து ஓட்டியமைக்காக..."

அடுத்த வரியில் ஒரு பெயர் இருந்தது. அவள் அதை வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை. கோர்ட்டில் ஸ்டூல் மேல் நின்றபடி பெரியவள் விரல் நீட்டிக் காட்டியபோது எல்லோரும் உரக்கச் சொன்ன பெயர் அது.

"சீட்டு காலியா இருந்துச்சே" என்றாள் பெரியவள். அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "நான் பாத்தேனே. டிரைவர் சீட்டு காலியா இருந்துச்சு. அதான் ஓடிட்டான்னு..."

கணவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

சீட்டு ஏன் காலியாக இருந்தது என்று மூன்று பேருக்கும் இப்போது தெரிந்தது.

பெரியவளின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. உள்ளங்கை தெரிய, காற்றில் நின்றது. சின்னவள் அதைப் பார்த்தாள், கணவர் பார்த்தார். ஆனால் அவள் எதிரே நிறுத்துவதற்கு எந்த விரலும் ஆடிக்கொண்டிருக்கவில்லை.